இருண்ட அரங்கில் கச்சேரியைப் படம் பிடிப்பது எப்படி?

மார்கழி பிறந்தால் மயிலாப்பூர், தி. நகர் சபாக்களில் ஏதாவது ஓர் ஓரத்தில் கேமராவோடு உட்கார்ந்துவிடுவேன். முதல் இரண்டு வருடங்கள் எடுத்த படங்களில் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. முகம் வெளுத்திருக்கும், கை கலங்கியிருக்கும், வாயை மைக் மறைத்திருக்கும். நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாதி சரியானது. மீதி பாதி, பாட்டைக் கவனித்துக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் சரியானது. எந்த இடத்தில் பாடகரின் கை மேலே எழும், எங்கே பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது காதுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் இந்த வழிகாட்டியில் கேமராவைப் பற்றி எவ்வளவு இருக்கிறதோ, கச்சேரியைப் பற்றியும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

முதலில் அனுமதி

பல சபாக்களில் படம் எடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று வாசலிலேயே எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றாலும் கேட்டுவிடுங்கள். செயலரிடமோ அலுவலகத்தில் இருப்பவரிடமோ, "சார், ஃப்ளாஷ் போட மாட்டேன், சத்தம் வராது, ஓரமா உட்கார்ந்து எடுத்துக்கறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரு பதில் கிடைக்கும். முடிந்தால் கலைஞரிடமும் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. மேற்கத்திய ராக் கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுகளுக்கு மட்டும் படக்காரர்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. நம்மூரில் அப்படிப் பொதுவான விதி எதுவும் இல்லை, சபாவுக்குச் சபா மாறும். பத்து நிமிடம்தான் என்றால் பத்தே நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் அதே வாசலுக்குத்தான் போக வேண்டும்.

கற்றுக்கொள்ள நல்ல இடம் மதிய நேரத்து இளைஞர் கச்சேரிகள். பல சபாக்களில் அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. முன் வரிசைகள் காலியாக இருக்கும், இடம் மாறி மாறி உட்கார்ந்து பார்க்கலாம். வளர்ந்துவரும் கலைஞர்களுக்கு நல்ல படங்களும் தேவைப்படும். ஆறு மணிக் கச்சேரியின் நெரிசலில் போய்ப் பழகுவதை விட ஒரு மணிக் கச்சேரியில் பழகுவது எவ்வளவோ மேல்.

கேமராவின் வாயையும் கண்ணையும் மூடுங்கள்

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. ஃபோகஸ் ஆனால் எழும் பீப் ஒலியை நிறுத்துங்கள். இருட்டில் ஃபோகஸுக்கு உதவ கேமரா முன்னால் ஆரஞ்சு நிறத்திலோ பச்சையிலோ ஒரு விளக்கு எரியும். அதையும் அணைத்துவிடுங்கள், அது நேராகப் பாடகரின் கண்ணில் போய் விழும். எடுத்தவுடன் படத்தைத் திரையில் காட்டும் வசதியை நிறுத்தி, திரையின் வெளிச்சத்தையும் ஆகக் குறைவாக வையுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் திரை, இருட்டில் ஏற்றிய டார்ச் மாதிரிதான் இருக்கும்.

என் முதல் கச்சேரியில் இதில் ஒன்றைக்கூட நான் செய்திருக்கவில்லை. விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, ஆலாபனை (சொற்கள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது பீப்பில் முன் வரிசை மாமா ஒருவர் திரும்பி, "தம்பி, நாங்க கேக்க வந்திருக்கோம்ப்பா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணை மூடி ஒரு ராகத்துக்குள் இருப்பவரை அது உலுக்கி எழுப்பிவிடும். படத்துக்கும் அதனால் நன்மை இல்லை. மேடை விளக்கு உண்டாக்கிய நிழல்கள் எல்லாம் போய், முகம் தட்டையாகிப் பாஸ்போர்ட் படம் போல் ஆகிவிடும்.

என்ன லென்ஸ்?

கையில் பணம் குறைவு என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 போதும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்). கச்சேரிக்கு என்றே வாங்குவதானால் 85 மி.மீ. எஃப் 1.8. நான்காவது, ஐந்தாவது வரிசையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் 70-200 எஃப் 2.8 வசதியானது. ஆனால் விலையும் எடையும் அதிகம், மூன்று மணி நேரம் கையில் பிடித்திருக்கத் தோள் வேண்டும். கேமராவோடு பெட்டியில் வரும் எஃப் 3.5-5.6 லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குப் போய்விடும். எஃப் 1.8-ஐ விட அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும்.

திறந்த லென்ஸுக்கு ஒரு விலை உண்டு. முழு அளவு சென்சாரில், 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து நான்கு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 24 செ.மீ.தான், முன்னால் ஒரு சாண் கூடக் கிடையாது. பாடகரின் வாய்க்கு முன்னால் மைக் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில்தான் நிற்கிறது. ஃபோகஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டால் மைக்கின் வலைக்கம்பி ஒவ்வொன்றும் எண்ணும்படி தெளிவாக வரும், முகம் கலங்கிப்போகும். கச்சேரிப் படங்கள் கெடுவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. கேமராவின் சின்னத் திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். அதனால் வெளிச்சம் கொஞ்சம் தாராளமாக இருந்தால் எஃப் 2.2, 2.8 என்று ஏறக்குறைய ஒரு படி (வெளிச்சம் பாதியாகும் அளவு) மூடிக்கொள்வது என் வழக்கம்.

கண் ஃபோகஸ் உள்ள கேமராக்கள் பெரிய உதவிதான். ஆனால் நம் பாடகர்கள் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள், அப்போது கேமரா தடுமாறும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, மூக்குத்தியிலோ மூக்குக்கண்ணாடியின் விளிம்பிலோ நெற்றிப் பொட்டின் ஓரத்திலோ வையுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பு இருந்தால்தான் ஃபோகஸ் பிடிக்கும். வெறும் கன்னத்தில் வைத்தால் இங்கும் அங்கும் தேடிக்கொண்டே இருக்கும்.

அளவுகளை வைப்பது

கேமராவை மேனுவலுக்கு மாற்றுங்கள். கர்நாடகக் கச்சேரியில் நமக்கு ஒரு பெரிய வசதி, விளக்கு மாறாது. திரை விலகும்போது எப்படி எரிகிறதோ மங்களம் வரை பெரும்பாலும் அப்படியேதான் எரியும். ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் மூன்று மணி நேரமும் அதைத் தொட வேண்டியதில்லை.

தொடக்கத்துக்கு எஃப் 2.8, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்னும் அளவு) 3200 என்று வைத்துப் பாருங்கள். எஃப் 1.8 இருந்தால் அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 1250 போதும். இதிலிருந்து மேலே கீழே நகர்த்திக்கொள்ளலாம்.

கேமராவின் தானியங்கி அளவை ஏன் நம்பக்கூடாது? பின்னால் கருந்திரை, சுற்றிலும் இருட்டு. கேமரா மொத்தப் படத்தையும் பார்த்துவிட்டு "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டும். முகமும் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். அதனால் ஸ்பாட் மீட்டரை வைத்து முகத்தை மட்டும் அளந்து பாருங்கள். மாநிற முகம் என்றால் கேமரா சொல்வது ஏறக்குறைய சரியாகவே இருக்கும். நல்ல கறுப்பு நிறத்தவரைக் கேமரா சாம்பல் பூத்தது போல் வெளுக்கப் பார்க்கும், அங்கே அரைப் படி குறைத்து அவர் நிறத்தை அவருக்கே கொடுங்கள். சிவந்த முகத்துக்கு அரைப் படி கூட்டலாம். வைரத்தோட்டிலும் ஜரிகையிலும் சில புள்ளிகள் வெளுத்துப்போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நெற்றியும் மூக்கின் மேட்டுப்பகுதியும் வெளுக்காமல் இருந்தால் போதும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் விழும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஐஎஸ்ஓ 1600-ல் இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் வெளிச்சம் ஏற்றினால் வரும் புள்ளிகள், ஐஎஸ்ஓ 6400-ல் சரியாக எடுத்த படத்தில் இருப்பதை விடப் பெரும்பாலும் குறைவாக இருக்காது. நிழல் பகுதிகளில் நிறம் வேறு கெடும். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், கை கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஷட்டர் வேகத்தைப் பாட்டோடு சேர்த்து மாற்றுங்கள். ஆலாபனையின் தொடக்கத்தில் உடம்பு அதிகம் அசையாது, 1/100 போதும். ஸ ரி க ம என்று ஸ்வரங்களை மேடையிலேயே கற்பனை செய்து பாடும் கற்பனாஸ்வரத்துக்கு 1/200. துரித காலத்தில் வயலின் வில்லின் நுனி நிற்க வேண்டும் என்றால் 1/250-க்கு மேல். மிருதங்க விரல்கள் உறைந்து நிற்க 1/500 வேண்டும். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு நேர் எதிர். 1/60-ல் பத்துப் பன்னிரண்டு படம் எடுங்கள். ஒன்றிரண்டில் வாசிப்பவரின் முகம் அசையாமல் தெளிவாகவும், கைகள் இரண்டும் புகை போலவும் வரும். உறைந்த விரலில் வாசிப்பு கேட்காது, அந்தப் புகையில் கேட்கும்.

விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். பழைய ஹாலஜன் விளக்குகள் என்றால் 3200 கெல்வினில் தொடங்குங்கள். எல்இடி என்றால் இடத்துக்கு இடம் மாறும், 4000-க்கும் 5600-க்கும் நடுவில் பார்த்து ஒன்றில் நிறுத்துங்கள். எப்படியும் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள், பின்னால் திருத்த இடம் இருக்கும். அரக்குப் புடவை அரக்காகவே இருக்க வேண்டும். மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாக வந்தால் கட்டியவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சத்தமில்லா ஷட்டரும் கோடுகளும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் சபாவுக்கென்றே செய்தது போல இருக்கும். நானும் அப்படித்தான் நம்பி ஒரு கச்சேரி முழுவதையும் 1/400-ல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்துக்குப் படம் குறுக்கே இருட்டுக் கோடுகள். ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை.

காரணம் இதுதான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல எல்இடிகளும் பழைய ட்யூப் லைட்டுகளும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. மின்னணு ஷட்டரோ சென்சாரை ஒரே நேரத்தில் படிக்காமல் மேலிருந்து கீழே வரிசை வரிசையாகப் படிக்கிறது. 1/400 வைத்தால் ஒவ்வொரு வரிசையும் அந்தத் துடிப்பில் கால் பங்கை மட்டுமே பார்க்கிறது. சில வரிசைகளுக்கு வெளிச்சமான கால், சில வரிசைகளுக்கு மங்கிய கால், அதுதான் கோடாக விழுகிறது. 1/100 வைத்தால் ஒவ்வொரு வரிசையும் ஒரு முழுத் துடிப்பைப் பார்த்துவிடும், கோடு மறைந்துவிடும். 1/50-ல் இரண்டு துடிப்பு.

ஆக, எல்இடி மேடையில் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும் என்றால் 1/100 அல்லது 1/50. அதற்கு மேல் வேகம் வேண்டும் என்றால் இயந்திர ஷட்டருக்கு மாறி, துடிப்பைக் கணித்து எடுக்கும் ஃப்ளிக்கர் குறைப்பு வசதியைப் போடுங்கள். அந்தச் சத்தத்தை மறைக்கக் கைதட்டலையும் மிருதங்கத்தின் உச்சத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மங்கலாக்கும் கருவியோடு (டிம்மர்) வரும் சில எல்இடிகள் வேறு வேகத்தில் துடிக்கும், அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதனால் அரங்குக்குப் போனதும் முதல் வேலையாக வெவ்வேறு வேகத்தில் நாலைந்து சோதனைப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிக் கோடு விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹாலஜன் விளக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதன் இழை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எங்கே உட்காருவது?

பாடகருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் மைக் வாயை மறைக்கும், பின்னால் வங்கி விளம்பரப் பதாகை முழுசாக விழும். பக்கவாட்டில் முப்பது நாற்பது டிகிரி நகர்ந்துவிடுங்கள். மைக் முகத்தை விட்டு விலகும், பதாகைக்குப் பதில் ஓரத்துக் கருந்திரை பின்னணியாகும். மேடைக்கு ஒட்டியே போகாதீர்கள். தரையில் அமர்ந்து பாடுபவரைக் கீழிருந்து எடுத்தால் மூக்குத் துவாரமும் தாடையும்தான் வரும். நடுவழியை ஒட்டிய நான்காவது ஐந்தாவது வரிசை, இல்லையென்றால் பக்கப் படிக்கட்டு. நின்றுகொண்டு எடுக்காதீர்கள், பின்னால் இருப்பவர் டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்.

எந்தப் பக்கம் என்பது நீங்கள் யாரை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிருதங்கத்தின் வலந்தலை (நடுவில் கறுப்பு வட்டம் உள்ள பக்கம்) ரசிகர்களைப் பார்த்து இருக்க வேண்டும். அதனால் வலக்கைக்காரர் நமக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பாடகரைப் பார்த்திருப்பார். வயலின் நமக்கு வலப்பக்கம். நாம் இடப்பக்கம் உட்கார்ந்தால் வயலின்காரரின் முகம் நன்றாகக் கிடைக்கும், மிருதங்கக்காரரின் முதுகுதான் தெரியும். வலப்பக்கம் போனால் நேர் மாறாக. இடக்கைக்காரர் வாசித்தால் எல்லாமே மாறிவிடும். அந்தக் கால மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர், அவர் வாசித்தால் வயலின் பக்கம் மாறி உட்கார வேண்டியிருந்தது. இப்போதும் இடக்கை வித்வான்கள் இருக்கிறார்கள், நிகழ்ச்சி நிரலில் பெயரைப் பார்த்ததுமே எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

நான் செய்வது இது. வர்ணத்திலிருந்து பிரதான உருப்படி வரை இடப்பக்கம். ஸ்வரப் பரிமாற்றத்தில் பாடகரின் பக்கவாட்டு முகமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வயலின்காரரின் முழு முகமும் ஒரே படத்தில் விழும். தாள வாத்தியங்கள் மட்டும் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் கைதட்டலோடு வலப்பக்கம் போய்விடுவேன். நடப்பதெல்லாம் கைதட்டும்போது மட்டும்தான்.

காதால் எடுப்பது

ஆலாபனையை எடுக்க அவசரப்படாதீர்கள். மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்க்குரலில், இருக்கும்போது தலை குனிந்திருக்கும், முகத்தில் நிழல் விழும். சஞ்சாரம் மேலே ஏறுவதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். மேல்குரலான தார ஸ்தாயியை நெருங்கும்போது பலருக்குத் தாடை உயர்ந்து, கையும் மேலே வரும். நெற்றியில் விளக்கு விழும் நேரம் அதுதான். அந்தப் பிடி முடிந்து மூச்சு எடுப்பதற்கு முந்தைய கணத்தில் வாய் மெல்ல மூடும். அப்போது அழுத்துங்கள். 'ஆ' என்று இழுக்கும் அகாரத்தின் நடுவில் எடுத்தால் கொட்டாவி விடுவது போல் வரும். அப்படி வந்த படத்தை யாருக்கும் காட்டாமல் அழித்துவிடுவது மரியாதை.

நிரவலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். படக்காரருக்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. முதல் தடவை பாடகர் எந்தச் சொல்லில் கையை விரிக்கிறார் என்று பாருங்கள். மூன்றாவது தடவை அதே சொல்லுக்குத் தயாராக இருக்கலாம்.

கற்பனாஸ்வரத்தில் பாடுபவரை மட்டும் எடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. பாடகர் ஒரு நீண்ட கணக்கை முடிக்கும்போது கேமராவை வயலின் மேல் வையுங்கள். அதை எப்படித் திருப்பித் தருவது என்று யோசிக்கும் முகம், ஒரு நொடி கழித்து வரும் சிரிப்பு, இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் அரங்கில் ஒரு கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும். தயவுசெய்து நீங்கள் போகாதீர்கள். கச்சேரியின் மிக நல்ல படங்கள் அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கின்றன. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துச் சுருங்கிக்கொண்டே வரும், பிறகு இரண்டும் சேர்ந்து, கணக்குப் போட்டு முடிக்கும் கோர்வைக்குப் போகும். கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். முதல் முறை கைகளை எடுங்கள். இரண்டாவது முறை தாளம் போட்டுக்கொண்டே அவர்களைப் பார்க்கும் பாடகரை எடுங்கள். மூன்றாவது முறை அகலமாக வைத்துக்கொண்டு காத்திருங்கள். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும் அந்த ஒரு கணத்தில் மேடையில் இருக்கும் எல்லா முகமும் ஒன்றாக மலரும். எனக்கு ஒரு வருடத்தில் இப்படி இரண்டு மூன்று படம்தான் அமைகிறது.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா?

எடுக்கலாம். ஆனால் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, அசையும் கை அதில் பேய் போல் வரும். ஜூம் செய்யாமல் முதன்மை லென்ஸிலேயே எடுத்து, பின்னால் வெட்டிக்கொள்ளுங்கள். முகத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/100-ல் வையுங்கள்.

மெல்லிசை மேடைக்கு ஒரு வார்த்தை

சினிமாப் பாட்டுக் கச்சேரியில் விளக்கு நொடிக்கு நொடி மாறும், புகை போடுவார்கள். அங்கே அப்பர்ச்சரையும் (எஃப் எண்) 1/250 ஷட்டரையும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, அளவை ஒரு படி குறைத்து வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஊதா, நீல எல்இடி முகத்தில் விழும்போது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) மொத்தத்தை நம்பாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்கள். நீலம் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்படிப்பட்ட படம் நிறத்தில் தேறாது, கறுப்பு வெள்ளையில் பல சமயம் அருமையாக வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள், தேர்வை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். முந்நூறு படம் எடுத்தால் பன்னிரண்டு போதும். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் இப்போது வரும் புள்ளி நீக்கும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் முழு அளவுக்கு இழுக்காதீர்கள். தோலின் சுருக்கமும் விபூதியின் பொடியும் போய்விட்டால் முகம் மெழுகாகிவிடும். எழுபது வயது வித்வானின் கையில் அத்தனை வருட வாசிப்பும் காய்ப்பாக இருக்கிறது, அதை வழித்து எடுத்துவிடாதீர்கள்.

நல்லதாக நாலைந்து படத்தைக் கலைஞருக்கு அனுப்புங்கள், பக்கவாத்தியக்காரர்களுக்கும் தனித்தனியாக. பாடகருக்குப் படம் நிறையக் கிடைக்கும். கடக்காரருக்கும் தம்புரா போட்டவருக்கும் பெரும்பாலும் யாரும் அனுப்புவதில்லை.

இன்னொன்று. மங்களம் முடிந்து திரை விழுந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். அனுமதி இருந்தால் மேடைக்குப் பின்னால் போங்கள். ட்யூப் லைட்தான் இருக்கும், 1/100 வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கக்காரர் தொப்பியில் (மிருதங்கத்தின் வலந்தலைக்கு எதிர்ப்பக்கம்) ஒட்டிய ரவைப் பசையை விரலால் வழித்து எடுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் வயலின்காரர் வில்லைத் தளர்த்திக்கொண்டே, கோர்வையில் ஓர் இடத்தைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ரவை ஒட்டிய கையாலேயே தொடையில் தட்டிக் காட்டுவார்.